சத்தமில்லாத நாற்பது விநாடி

போன மாதம் நம் வீடியோக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, "பறக்கற ஏரோப்ளேன்ல பைலட்டு முதுகுக்குப் பின்னாடி குந்திக்கினு படம் எடுத்தவரு" என்று அறிமுகப்படுத்தினார்கள். நீங்கள் கைதட்டினீர்கள். பின்வரிசையில் ஒருவர் விசில்கூட அடித்தார். சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்த விசில் சத்தம்தான் காதில் இருந்தது. மேடையில் நான் பாதியைத்தான் சொன்னேன். மீதியை எழுதுகிறேன். படித்துவிட்டுக் கைதட்டலைத் திரும்ப எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். லாரியில் கிளீனராகப் போனேன், பெங்களூரில் ஓட்டலில் மாவாட்டினேன், சூரத்தில் துணி மில்லில் நூல் அள்ளினேன். எங்கேயும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. யாரும் விரட்டவில்லை, எனக்கே இருப்புக்கொள்ளாது. தொண்ணூற்று மூன்றில் விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கியபோது கையில் பைகூட இல்லை. ஒரு வீடியோ ஸ்டூடியோவில் லைட் பிடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆயிரம் வாட் விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கை நடுங்கினால் மாப்பிள்ளை முகத்தில் நிழல் ஆடும். நான் சேர்ந்தபோது கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது அவ்வளவுதான். முழங்கையில் சுட்ட தழும்பு இப்போதும் இருக்கிறது. அந்தக் காலத்தில் லைட் பிடித்த எல்லோருக்கும் இருக்கும்.

ஸ்டூடியோக்காரர் பெயரை எழுதப் போவதில்லை. நல்லவர்தான், அடிக்க மட்டும் கை கொஞ்சம் நீளும். நான் கேமராவுக்கு மாறியதும் அவர் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம் சத்தத்தைப் பற்றியது. கேமராவோடு ஒரு சின்ன மிக்சர் பெட்டியைத் தோளில் மாட்டியிருப்போம். அதில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. கெட்டிமேளம் ஏறும்போது பெட்டியில் சத்தத்தின் அளவைக் காட்டும் முள் சிவப்புக்குப் போகும், சத்தம் உடைந்து கரகரவென்று பதியும். ஒருநாள் அப்படிப் பதிந்துவிட்டது. என் கையில் ஓங்கி ஒரு அடி விழுந்தது.

"மேளம் ஏறுதுன்னா சவுண்ட எறக்குடா. பாதி எறக்குனா கீறல் வுழும், முழுசா எறக்கு. நாதஸ்வர கேசட்டு நம்மகிட்ட இருக்குது. மிக்சிங்ல போட்டுக்கலாம்."

அப்படியே பழகினேன். சில மாதங்களில் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. கண் தாலியைப் பார்க்கும், காதில் சத்தம் ஏறும், கட்டைவிரல் தானாகத் திருகை இடப்பக்கம் அடிவரை திருப்பிவிடும். அந்த ஸ்டூடியோவில் இருந்த நாதஸ்வர கேசட் ஒன்றே ஒன்று. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை நாங்கள் எடுத்த அத்தனை தாலியும் அந்த ஒரே நாதஸ்வரத்தில்தான் ஏறியிருக்கிறது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. சொந்தக் கல்யாணத்தின் மேளம் எப்படி இருந்தது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

சத்தத்தை மாற்றுவதை ஒரே ஒருவர் கண்டுபிடித்தார். அவரை ஜெசிந்தா என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல.

அதற்குள் நான் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாடியில் ஓர் அறை பிடித்துத் தனியாகத் தொழில் செய்துகொண்டிருந்தேன். ஜெசிந்தாவின் அக்கா கல்யாணம் மாதா கோவிலில் பூசையோடு நடந்தது. சாயங்காலம் வரவேற்பில் அவருடைய அப்பா மைக்கைப் பிடித்துப் பத்து நிமிஷம் பேசினார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு நீளம் என்று எனக்குத் தோன்றியது. மிக்சிங்கில் அவர் குரலை எடுத்துவிட்டு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டேன். எல்லோருக்கும் செய்வதுதான்.

கேசட் கொடுத்த நாலாம் நாள் ஜெசிந்தா மாடியேறி வந்தார்.

"அண்ணா, எங்கப்பா எங்க?"

"இதோ இருக்காரேம்மா, வெள்ளச் சட்ட."

"ஆளு இருக்காரு, பேச்சு எங்க? அவரு வாய ஆட்டறாரு, பாட்டு எவனோ பாடறான். எங்கப்பா இன்னா ஊமப்படத்துல நடிக்கவா வந்தாரு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார், ஆனால் போகவில்லை.

"ஒரிஜினல் கேசட்டுல அவரு பேசனது இருக்கும்ல?"

"இருக்கும்மா. தேடி எடுத்து சவுண்டோட போட்டுத் தர்றேன்."

அது பொய். கல்யாணப் படம் மிக்சிங் முடிந்ததும் அந்தக் கேசட்டின் மேலேயே ஒரு வளைகாப்பு எடுத்துவிட்டேன். புதுக் கேசட் வாங்காமல் பழையதிலேயே திரும்பத் திரும்ப எடுப்பது அப்போது நம் எல்லோருக்கும் வழக்கம். அதைச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், அத்தோடு முடிந்திருக்கும். இல்லை என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு எப்போதும் வாய் வந்ததில்லை. அவர் நாலைந்து முறை கேட்டார். பிறகு வெளியூருக்குப் படிக்கப் போய்விட்டார். என்ன படிப்பு என்று அவர் அப்பாவை ஒருநாள் கடைத்தெருவில் விசாரித்தேன். "ஏரோப்ளேன் ஓட்டப் படிக்குதுப்பா" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷம் கழித்து ஜெசிந்தாவே போன் செய்தார். ஒரு சின்ன விமானக் கம்பெனியில் துணை விமானியாகச் சேர்ந்திருந்தார். ஒன்பது பேர் உட்காரும் விமானம், இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறிகள். பாண்டிச்சேரியில் இறங்கும் ஓடுதளம் நீளம் குறைவு. புதிதாக வரும் விமானிகளுக்குக் காட்ட, அங்கே இறங்குவதை உள்ளேயிருந்து படமும் பேச்சுமாக எடுக்க வேண்டும் என்று கம்பெனி ஆள் தேடியிருக்கிறது. "எங்க ஊர்ல ஒருத்தர் இருக்காரு" என்று என் பெயரைச் சொன்னது அவர்தான்.

கம்பெனி மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாண வீடியோதானே எடுக்கறீங்க? விமானத்தைச் சுத்தி ரோஜாப்பூ பறக்க விட்டுடாதீங்க" என்றார்.

"அதுக்குத் தனி ரேட்டு சார்" என்றேன். ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இரண்டு விமானிகளுக்கும் பின்னால், நடுவில், ஒரு சின்ன இருக்கை. அதில் என்னைப் பெல்ட் போட்டுக் கட்டிவிடுவார்கள். விமானிகள் இருவரும் தலையில் மாட்டிய மைக்கில்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சை ஜெசிந்தா பக்கத்தில் மைக் மாட்டும் துளையிலிருந்து ஓர் ஒயர் வழியாக என் மிக்சர் பெட்டிக்கு இழுத்தோம். என் காதில் ஹெட்போன். பெட்டிக்குள் வருவதுதான் எனக்குக் கேட்கும். வெளிச்சத்தம் லேசாக, தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போலத்தான் வரும்.

முதல்முறை ஏறுவதற்கு முன் ஜெசிந்தா என்னைத் தனியாக நிறுத்திச் சொன்னார்.

"உள்ள ரெண்டு ஸ்டீரிங் இருக்குதுண்ணா. ஒண்ணு திரும்புனா இன்னொண்ணும் தானா திரும்பும். யாரு கையில வண்டி இருக்குதுன்னு பாத்தா தெரியாது. வாயால சொல்லித்தான் குடுக்கணும், வாயால சொல்லித்தான் வாங்கணும். அதனால படம் ஆடுனாலும் பரவால்ல, பேச்ச மட்டும் வுட்டுடாதீங்க."

"சரிம்மா."

"இந்த வாட்டியாவது பாட்டு போட்டு மூடிடாதீங்க."

முதல் இரண்டு நாளும் நன்றாகப் பதிந்தது. மேலேயிருந்து திண்டிவனம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. பத்து வருஷம் நான் நடந்த தெருவெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்குள் இருந்தது. கேப்டன் சென்னைக்காரர். தலை நரைக்கத் தொடங்கியவர், அதிகம் பேசமாட்டார். என் பெல்ட்டை அவரே ஒருமுறை இழுத்துச் சரிபார்த்தார். அவரைப் பற்றி மோசமாக எழுத எனக்குத் தகுதி இல்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

மூன்றாம் நாள் ஆடிக் காற்று. மத்தியானம். நாங்கள் மூவர்தான் உள்ளே, பயணிகள் கிடையாது. மரக்காணம் உப்பளங்கள் பக்கமாக வந்து திரும்பும்போதே விமானம் ஒருபக்கமாகத் தள்ளப்படுவது வயிற்றில் தெரிந்தது. ஜெசிந்தாதான் இறக்கிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் முன்பு கேப்டன் வண்டியைக் கொடுப்பதும் அவர் வாங்கிக்கொள்வதும் காதில் கேட்டது. டேப்பிலும் இருந்தது.

என் ஒரு கண் கேமராவுக்குள். இன்னொரு கண் மூடியிருந்தது. கேமராவுக்குள் தெரிந்தது முன் கண்ணாடி, அதில் ஆடிக்கொண்டு நெருங்கும் ஓடுதளம், இரண்டு ஓரத்திலும் இருவர் முகத்தின் பக்கவாட்டு. கைகள் படத்துக்குக் கீழே போய்விட்டன.

இறங்குவதற்குச் சற்று முன் அந்த விமானத்தில் விசிறிகளின் வேகத்தைக் கூட்டுவார்கள். முதல் இரண்டு நாளும் நிதானமாகக் கூட்டினார்கள். அன்றைக்குச் சட்டென்று கூட்டினார்கள். சத்தம் ஏறியது. மைக் வழியாக என் காதுக்குள் கரகரவென்று உடைந்தது. பெட்டியில் முள் சிவப்பில் துடித்தது.

என் கட்டைவிரல் திருகை இடப்பக்கம் அடிவரை திருப்பிவிட்டது.

நான் திருப்பினேன் என்று எழுதுவதுதான் சரி. விரல் திருப்பியது என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். விரல் என்னுடையதுதானே.

காது அமைதியானது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அதுதான் கொடுமை. கேமராவுக்குள் இடப்பக்க ஓரத்தில் கேப்டனின் தாடை அசைந்தது. வலப்பக்க ஓரத்தில் ஜெசிந்தா அவர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். மறுபடியும் சொன்னார். மூன்றாவது முறை வாய் நன்றாகத் திறந்தது. பிறகு ஓடுதளம் எழும்பி வந்து அடித்தது. ஒருமுறை துள்ளி, மறுபடி விழுந்து, டயர் வெடித்து, பக்கவாட்டில் புல்லுக்குள் இழுத்துக்கொண்டு போய் நின்றது. ஒரு விசிறி மண்ணைக் கிளறி வளைந்துவிட்டது. ஒருவருக்கும் அடியில்லை.

கேப்டன் முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தார், ஒவ்வொன்றாக அணைத்தார். கடைசியில் என் ஒயரைத் துளையிலிருந்து கழற்றி, நான் சுற்றுவது போலவே உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"கேசட்ட பத்திரமா வச்சிக்கோங்கண்ணா. எல்லாம் அதுலதான் இருக்குது."

வேலியோரம் குந்தி, கேமராவின் சின்னத் திரையில் ஓட்டிப் பார்த்தேன். விசிறிச் சத்தம் ஏறுகிறது, தேய்கிறது, ஒன்றுமில்லை. தரையில் அடிக்கும்வரை நாற்பது விநாடி. இரண்டு வாய்கள் அசைகின்றன. வாத்தியார் வாயாட்டியது போலவே.

அதற்குள் கேப்டன் மேனேஜரிடம் சொல்லிவிட்டார்: இறக்கியது துணை விமானிதான், கடைசிவரை வண்டி அவர் கையில்தான் இருந்தது. ஜெசிந்தா சொன்னது வேறு: கடைசி நிமிஷத்தில் கேப்டன் வண்டியை வாங்கிக்கொண்டார், இறங்காமல் மறுபடி மேலே ஏற்றிவிடலாம் என்று மூன்றுமுறை சொன்னேன், அவர் கேட்கவில்லை. பெரிய விமானங்களில் விமானிகள் பேசுவதைப் பதிந்துவைக்க ஒரு கருவி இருக்குமாம். அந்தச் சின்ன விமானத்தில் அது இல்லை. இருந்தது என் கேசட் ஒன்றுதான்.

விசாரணைக்கு முன்பு மூன்று நாள் இருந்தது. இரண்டாம் நாள் ஜெசிந்தா போன் செய்தார்.

"இருக்குதுல்லண்ணா?"

"இருக்குதும்மா. வேலையா இருந்துட்டேன், இன்னும் முழுசா பாக்கல."

"கேப்டன் எங்க வீட்டுக்கே போன் பண்ணி அப்பாகிட்ட பேசறாரு. பொண்ணு சின்ன வயசு, ஒத்துக்கினா லேசா முடிஞ்சிடும்னு சொல்றாரு. அப்பா பேஜாராயிட்டாரு. நான் சொன்னேன், கவலப்படாதீங்கப்பா, டேப்பு இருக்குதுன்னு."

போனை வைத்த பிறகு கடையைப் பூட்டிவிட்டு நடந்தேன். ஊரை விட்டு ஓடிவிடலாமா என்று யோசித்தேன். எனக்கு அது கைவந்த கலை. ஓடியிருந்தாலும் இத்தனை கெடுதல் வந்திருக்காது.

நம் தொழிலில் எல்லாக் கோளாறுக்கும் ஒரு பதில் தயாராக வைத்திருப்போம். பேட்டரி போச்சு, கேசட் சிக்கிச்சு, ஒயர் கழண்டுச்சு. பெண் வீட்டார் கோபமாக வந்தால் இதில் ஒன்றைச் சொல்வோம். நான் தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொன்ன வீடியோக்காரனை நான் பார்த்ததில்லை. சொன்னால் அடுத்த முகூர்த்தத்துக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள் என்ற பயம். அந்தப் பதில்கள் நாக்கின் நுனியிலேயே இருக்கும், திருகின்மேல் விரல் இருப்பது போல.

விசாரணை கம்பெனி ஆபீசில் ஒரு நீள மேசையைச் சுற்றி நடந்தது. மேனேஜர், வெளியிலிருந்து வந்த இரண்டு பேர், கேப்டன், ஜெசிந்தா, நான். டிவியில் கேசட்டைப் போட்டார்கள். ஜெசிந்தா நாற்காலியின் முனைக்கு வந்து உட்கார்ந்தார். விசிறிச் சத்தம் ஏறியது. தேய்ந்தது. அறை அமைதியானது.

"சவுண்ட் என்ன ஆச்சு?" என்றார் வந்திருந்தவர்களில் ஒருவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் யோசிக்கவில்லை. நாக்கின் நுனியில் இருந்தது வெளியே வந்தது.

"ஒயர் கழண்டுடுச்சி சார்."

கேப்டன் முதல்முறையாக வாயைத் திறந்தார். "ஒயர் எந்தப் பக்கம் மாட்டியிருந்தீங்க?"

"மேடம் பக்கம் சார்."

வந்திருந்தவர் ஜெசிந்தாவைக் கேட்டார்: "அந்த ஒயரைக் கழட்டினது யார் தெரியுமா?"

"நான்தான் கழட்டுனேன் சார். வண்டி நின்னதுக்கு அப்புறம். கழட்டி, சுத்தி, இவருகிட்ட குடுத்தேன்."

அவர் அதை எழுதிக்கொண்டார். ஒயர் இறங்கும்போதே கழன்றுவிட்டது என்பது என் வாக்கு. கழற்றியது நான்தான் என்பது ஜெசிந்தாவின் வாக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன வருகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. வண்டி தன் கையில் கெட்டுப்போவதை உணர்ந்து, பேச்சு பதியக் கூடாது என்று ஒயரைப் பிடுங்கிவிட்டாள் இந்தப் பெண்.

"கரெக்டா சொல்லுங்க, ஒயர் இறங்கறப்பவே கழண்டிருந்ததா?" என்று என்னிடம் மறுபடி கேட்டார்.

மறுபடி கேட்டார் என்பதைக் கவனியுங்கள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன் என்று முதல் பொய்க்குக் காரணம் சொல்லலாம். இரண்டாவது முறை எனக்கு நேரம் கொடுத்தார்கள். ஜெசிந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பரீட்சையில் பிள்ளை சரியான விடையைச் சொல்லிவிடும் என்று காத்திருக்கும் டீச்சர் பார்ப்பது போலப் பார்த்தார். நான் டிவியைப் பார்த்தேன்.

"ஆமா சார்."

நம் தொழில்காரர்களான உங்களுக்குத்தான் இதைச் சொல்ல முடியும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயரைப் பிடுங்கினால் என்ன ஆகும்? டப்பென்று ஒரு அடி பதியும், சத்தம் கத்தியால் வெட்டியது போல நிற்கும். என் கேசட்டில் டப் இல்லை. சத்தம் படிப்படியாகத் தேய்ந்து போனது. திருகைத் திருப்பினால் மட்டும்தான் அப்படித் தேயும். லைட் பிடிக்கிறவன்கூட ஒரு தரம் கேட்டால் சொல்லிவிடுவான். அந்த அறையில் விமானம் தெரிந்தவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். நம் தொழில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நீங்கள் எந்த இடத்துக்குப் போனாலும் சரி, கல்யாண மண்டபமோ, ஆஸ்பத்திரியோ, கோர்ட்டோ, உங்கள் பெட்டியைப் பற்றித் தெரிந்தவர் அங்கே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். நீங்கள் சொல்வதைச் சரிபார்க்க அங்கே ஆள் இருக்காது. அந்த நேரத்தில்தான் நீங்கள் யார் என்று தெரியும். நான் யார் என்று எனக்கு அன்று தெரிந்துவிட்டது.

ஜெசிந்தாவை வேலையைவிட்டு எடுத்தார்கள். இறக்கத் தெரியாமல் இறக்கியிருந்தால்கூட இன்னொரு கம்பெனியில் கற்றுக்கொள்ளலாம். ஆதாரத்தை அழித்தவர் என்று தாளில் எழுதிய பிறகு யார் சேர்ப்பார்கள்? எங்கெங்கோ போய்க் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். வாத்தியார் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் நான் சந்துக்குள் திரும்பிவிடுவேன். கேப்டன் கொஞ்ச நாள் ஓட்டினார். பிறகு அந்தக் கம்பெனியையே மூடிவிட்டார்கள். எனக்குக் கல்யாண வேலை ஒன்றுகூடக் குறையவில்லை. எதைக் காப்பாற்றப் பொய் சொன்னேனோ அது காப்பாற்றப்பட்டது. விமானத்தில் படம் எடுத்தவன் என்று கூடுதலாகக்கூடக் கூப்பிட்டார்கள்.

கெட்டிமேளத்துக்குச் சத்தத்தை இறக்குவதை அதன் பிறகு நிறுத்திவிட்டேன். கீறல் விழுந்தாலும் அப்படியே கொடுத்தேன். இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். அதனால் யாருக்கு என்ன லாபம்?

பல வருஷம் கழித்து, ஜெசிந்தா பாண்டிச்சேரி பக்கம் கோட்டக்குப்பத்தில் ஒரு டிராவல்ஸில் இருக்கிறார், வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் போட்டுத் தருகிறார் என்று தெரிந்தது. போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஏறினேன். பாதி வழியில், கிளியனூரில் இறங்கித் திரும்பிவிட்டேன். அடுத்தமுறை ஏறி, மறுபடியும் அங்கேயே இறங்கினேன். கண் மங்கி, முட்டி போய், தொழிலை விட்ட பிறகுதான் கடைசிவரை போய்ச் சேர முடிந்தது. இனி காப்பாற்றிக்கொள்ள எதுவுமில்லாதபோது வந்த தைரியம் அது. அதைத் தைரியம் என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சின்னக் கடை. கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஜெசிந்தா கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் இரண்டு பேர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்கண்ணா. இன்னா இப்பிடி எளச்சிட்டீங்க? உக்காருங்க."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும்.

"அன்னிக்கி ஒயர் கழலலம்மா. சவுண்ட நான்தான் எறக்கனேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தெரியும்ண்ணா."

"இன்னாம்மா சொல்ற?"

"வண்டி நின்னதும் நீங்க நல்லா இருக்கீங்களான்னு திரும்பிப் பாத்தேன்ல? உங்க கை அந்தத் திருகு மேலயே இருந்துச்சி. அப்ப ஒண்ணும் புரியல. அந்த ரூம்ல சத்தம் தேஞ்சிக்கினே போச்சே, அப்ப புரிஞ்சிடுச்சி."

"புரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"நான் சொன்னா பழிய உங்கமேல போடறேன்னு ஆயிடும். நீங்கதான் சொல்லணும். ரெண்டாவது வாட்டி கேட்டாங்கல்ல, அப்ப சொல்லிடுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். எழுதித் தருகிறேன், எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றேன்.

"யாருகிட்டண்ணா? கம்பெனியே இல்ல. லைசென்சு முடிஞ்சிப் போயி எத்தினி வருஷமாச்சி. இப்ப குடுத்தாலும் எனக்கு ஓட்ட வராது." அதை டிக்கெட் விலை சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "அப்பா தவறிட்டாரு, தெரியும்ல?"

தெரியாது.

"அவரு கொரலு எங்ககிட்ட எதுலயும் இல்ல. போட்டோதான் இருக்குது. அக்கா கல்யாணத்துல பேசனாரே, ஒரிஜினல் கேசட்டு தேடித் தர்றேன்னு சொன்னீங்கல்ல... அது எங்கயாவது கெடக்குமாண்ணா?"

"இல்லம்மா. உங்களுக்குக் கேசட்டு குடுத்த வாரமே அது மேல வளகாப்பு எடுத்துட்டேன். நீங்க மாடியேறி வந்தப்பவே அது இல்ல."

ஜெசிந்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இத மட்டும் கேட்டதும் சொல்லிட்டீங்க" என்றார். பிறகு பெஞ்சில் இருந்தவரைப் பார்த்து, பாஸ்போர்ட்டுக்காகக் கையை நீட்டினார்.